கடல் ஒதுக்கிய மரத்துக்கு எந்தப் பூச்சு?

நம் தீவில் நான்கைந்து ஆண்டுகள் குடியிருந்த தமிழ்க் குடும்பம் எதுவானாலும், அதன் வராந்தாவில் மூன்று பொருள்கள் தவறாமல் இருக்கும். ஒன்று குடை. இரண்டாவது தண்ணீர் பிடித்து வைத்த டிரம். மூன்றாவது, ஏதோ ஒரு ஞாயிற்றுக்கிழமை கடற்கரையிலிருந்து பிள்ளைகள் இழுத்துக்கொண்டு வந்த ஒரு மரக்கட்டை. "மான் மாதிரி இருக்கிறது", "இல்லை, பாம்பு மாதிரி" என்று ஒரு வாரம் பேச்சு நடக்கும். பிறகு அதன்மேல் செருப்பு ஏறிவிடும்.

அந்தக் கட்டையை ஒரு விளக்குத் தண்டாகவோ, டீப்பாயாகவோ, சுவரில் மாட்டும் அழகுப் பொருளாகவோ ஆக்க நினைக்கும் அன்பர்களுக்காகவே இக்கட்டுரை. அறுப்பதும் செதுக்குவதும் ஆளுக்கு ஆள் மாறுபடும். அதைப்பற்றி இங்கே எழுதப் போவதில்லை. செய்து முடித்த பொருளின்மேல் என்ன பூசுவது என்ற ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வோம். பெரும்பாலான கட்டைகள் கெட்டுப்போவது அந்த இடத்தில்தான்.

இது வேலையற்ற வேலை என்று யாரும் நினைக்க வேண்டாம். கேரளத்தின் குமரகத்தில் 'பே ஐலண்டு டிரிஃப்ட்வுட் மியூசியம்' என்று ஒரு காட்சியகம் இருக்கிறது. அந்தமானில் பள்ளி ஆசிரியையாகப் பணியாற்றிய ராஜி புன்னூஸ் அம்மையார் நம் தீவுக் கரைகளில் சேர்த்த கட்டைகளே அங்கே பறவையாகவும் மீனாகவும் விலங்காகவும் நிற்கின்றன. நாம் செருப்பு வைக்கும் கட்டையைப் பார்க்க அங்கே மக்கள் டிக்கெட் வாங்குகிறார்கள்.

என் சொந்தத் தோல்வியிலிருந்தே தொடங்குகிறேன். முப்பது ஆண்டுகள் இங்கே உத்தியோகம் பார்த்த நண்பர் ஒருவர் ஓய்வு பெற்று மதுரைக்குக் கிளம்பினார். தீவின் நினைவாக ஏதாவது தரவேண்டும் என்று, கரையோரம் ஒதுங்கிய ஒரு வேர்க்கட்டையை டீப்பாயாக்கினேன். கடையில் இருந்ததிலேயே விலை கூடிய வார்னிஷ் வாங்கி மூன்று கோட் கொடுத்தேன். கண்ணாடிபோல் மின்னியது. அது ஆகஸ்டு மாதம். அவர் கப்பல் ஏறுவதற்கு முன்பே ஓரங்களில் பால் சிந்தியதுபோல் வெள்ளை படர்ந்துவிட்டது. பெருந்தன்மையுடன் எதுவும் சொல்லாமல் எடுத்துப் போனார். அடுத்த சித்திரையில் கடிதம் வந்தது. பூச்சு அப்பளம்போல் எழும்பி உரிகிறதாம். நடுவில் விரல் நுழையும் அளவுக்கு ஒரு வெடிப்பாம். "உங்கள் ஞாபகமாக வெடிப்போடு வைத்திருக்கிறோம்" என்று எழுதியிருந்தார்.

நான் வார்னிஷைத் திட்டிக்கொண்டிருந்தேன். ஜங்லிகாட் பக்கம் படகு வேலை செய்யும் தூத்துக்குடி ஆசாரி ஒருவரிடம் இதைச் சொன்னபோது அவர் சிரித்தார். "அண்ணாச்சி, உப்பை உள்ள வச்சிப் பூட்டிட்டீக. அது சும்மா கெடக்குமா? கதவ ஒடச்சிக்கிட்டுத்தான் வெளிய வரும்" என்றார். பூச்சைப் பற்றி நான் கற்ற முதல் பாடம் அது.

உப்பின் சேட்டை

மழைக்காலத்தில் கல்லுப்பு ஜாடி தானாகவே நீர்த்துப்போவதை எல்லோரும் பார்த்திருப்போம். காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 விழுக்காட்டைத் தாண்டினால் சுத்தமான சமையல் உப்பே காற்றிலிருந்து நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். கடல் உப்பில் மெக்னீசிய உப்புகளும் கலந்திருப்பதால் அது இன்னும் குறைந்த ஈரப்பதத்திலேயே நசநசக்கும். போர்ட் பிளேரில் (2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்ட நம் தலைநகரில்) ஆண்டின் பெரும்பகுதி ஈரப்பதம் இந்த 75-க்கு மேலேயே நிற்கிறது.

கடலில் மாதக்கணக்கில் மிதந்த கட்டையின் நாருக்குள் உப்பு ஊறியிருக்கும். அது வெயிலில் காய்ந்ததுபோல் தோன்றும், தொட்டால் உலர்ந்திருக்கும். ஆனால் மழை தொடங்கியவுடன் உள்ளே இருக்கும் உப்பு நீரை இழுக்கும். மேலே வார்னிஷ் போர்வை இருந்தால் அந்த நீர் போர்வைக்கு அடியில் தங்கும். அதுதான் பால்போன்ற வெள்ளை. பிறகு காற்று உலரும்போது உப்பு மறுபடி படிகமாகும். படிகம் வளரும்போது அது பூச்சை மட்டுமன்றி மரத்தின் மேல்நாரையும் சேர்த்துத் தள்ளிவிடும். ஆகவே உப்பு இருக்கும்வரை எந்தக் கம்பெனியின் எந்தப் பூச்சும் நிற்காது.

உப்பை எடுக்க ஒரே வழி நல்ல தண்ணீர். தொட்டியில் முழுக முழுக ஊறவைத்து, இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை நீரை மாற்ற வேண்டும் என்று புத்தகங்கள் கூறும். அந்தப் புத்தகங்களை எழுதியவர்கள் நம் ஊர்க் குழாயைப் பார்த்ததில்லை. தனிக்காரி அணை வற்றும் மாதங்களில் ஒரு டிரம் நீரில் கட்டையை ஊறவைத்தால் அன்று இரவு நமக்குச் சாப்பாடு கிடைக்காது! ஆனால் ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை நம் தலையில்தான் கொட்டுகிறது. மே மாதம் பிறந்ததும் கட்டையை இறவாணத்துக்குக் கீழே, மண்ணில் படாமல் இரண்டு கருங்கல்லின்மேல் வையுங்கள். தகரக் கூரையிலிருந்து ஒழுகும் நீர் அதன்மேல் விழட்டும். வாரம் ஒருமுறை புரட்டிப் போடுங்கள். அந்த வேலையை மழை இலவசமாகச் செய்துவிடும்.

உப்பு போய்விட்டதா என்று எப்படி அறிவது? கட்டையை ஓர் இரவு ஒரு வாளி மழைநீரில் முக்கி வைத்து, காலையில் அந்த நீரில் ஒரு கரண்டி எடுத்து அடுப்பில் வற்றவிடுங்கள். கரண்டியில் வெள்ளைப் படிவு தங்கினால் இன்னும் மழை காட்ட வேண்டும். பத்தாம் வகுப்புப் பிள்ளை வீட்டில் இருந்தால் பள்ளி ஆய்வகத்தில் அந்த நீரில் ஒரு துளி சில்வர் நைட்ரேட் விடச் சொல்லுங்கள். வெண்மையாகக் கலங்கினால் உப்பு மிச்சம் இருக்கிறது. பிள்ளைக்கும் ஒரு செய்முறைப் பாடம் ஆயிற்று. இப்போது பல வீடுகளில் குடிநீர் சோதிக்கும் டி.டி.எஸ். மீட்டர் இருக்கிறது, ஊறவைப்பதற்கு முன்னும் பின்னும் நீரை அளந்து பார்த்தாலும் போதும்.

இத்தனை மாதமா என்று சலித்துக்கொள்பவர்களுக்கு ஒரு செய்தி. சுவீடனில் 1628-இல் மூழ்கிய 'வாசா' என்ற போர்க்கப்பலை 1961-இல் மேலே எடுத்தார்கள். நீரில் ஊறிய அந்த மரம் உலரும்போது சுருங்கி நொறுங்காமல் இருக்க, பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற மெழுகுபோன்ற பொருளைப் பதினேழு ஆண்டுகள் அதன்மேல் தெளித்துக்கொண்டே இருந்தார்கள். நமக்கு ஒரு மழைக்காலம்தான்.

எடுக்கலாமா என்ற கேள்வி

இதை முதலிலேயே கூறியிருக்க வேண்டும். கரையில் கிடப்பது யாருக்கும் சொந்தமில்லை என்று நாம் நினைக்கிறோம். சட்டம் அப்படி நினைக்கவில்லை. 1927-ஆம் ஆண்டின் இந்திய வனச் சட்டத்தின் 45-ஆம் பிரிவின்படி, மிதந்து வந்த, கரை ஒதுங்கிய, மூழ்கிக் கிடக்கும் மரம் அனைத்தும், வேறொருவர் தம் உரிமையை நிரூபிக்கும்வரை, அரசின் சொத்து. விழுந்த மரமும் துண்டு மரமும் இதில் அடங்கும். எனவே கைக்கு அடங்கும் கட்டையானாலும் பக்கத்து வனத்துறை அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது. கப்பலிலோ விமானத்திலோ மெயின்லேண்டுக்குக் கொண்டுபோகும் எண்ணம் இருந்தால், கேட்டதை எழுத்தில் வாங்கி வையுங்கள். துறைமுக வாசலில் குடும்பத்தோடு நின்றுகொண்டு விளக்கம் சொல்வது நல்ல அனுபவமன்று.

வண்டூரில் 1983-இல் அமைந்த மகாத்மா காந்தி கடல்சார் தேசியப் பூங்காவிலிருந்து குச்சிகூட எடுக்கக்கூடாது. பழங்குடியினர் காப்பிடங்களும் அப்படியே. கட்டையில் பவளத் துண்டு ஒட்டியிருந்தால் அதை அங்கேயே விட்டுவிடுங்கள். செத்த பவளமானாலும் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வரும்.

என்ன கட்டை கிடைக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2004 டிசம்பர் 26 சுனாமியின்போது தெற்கு அந்தமான் ஏறத்தாழ ஒரு மீட்டர் கீழே இறங்கிவிட்டது. உப்புநீர் ஏறிப் பட்டுப்போன கரையோர மரங்களின் எலும்புக்கூடுகளைச் சிப்பிகாட், சிடியா டாப்பு வழியில் போனவர்கள் பார்த்திருப்பார்கள். கரையில் சாய்ந்து கிடப்பவற்றில் கடல் மஹுவா முக்கியமானது. நம் ஊர்ப் பாலை மரத்துக்கும் சப்போட்டாவுக்கும் அது உறவு. இரும்புபோல் கனக்கும். இவற்றோடு புன்னையும் உண்டு. அதிர்ஷ்டம் இருந்தால் படாக்கும் உண்டு. படாக், நம் வேங்கையின் பங்காளி.

கட்டை முழுக்க விரல் நுழையும் துளைகள் இருந்தால் பயப்பட வேண்டாம். அது கப்பல் புழுவின் வேலை. பெயர்தான் புழு, உண்மையில் சிப்பி இனத்தைச் சேர்ந்தது. கடலைவிட்டு வந்தவுடன் செத்துவிடும். பயப்பட வேண்டியது ஊசித்துளையும் அதிலிருந்து கொட்டும் மாவும், அது உளுவண்டு. அதற்கும் கரையானுக்கும் போராக்ஸ் மூன்று பங்கு, போரிக் ஆசிட் இரண்டு பங்கு கலந்து, நூறு பங்கு வெந்நீருக்கு இந்தக் கலவை ஐந்து பங்கு என்ற அளவில் கரைத்து, இரண்டு மூன்று முறை தாராளமாகப் பூசலாம். இது மழை நீரில் கரைந்து போய்விடும் என்பதால், உப்பைக் கழுவி முடித்த பிறகே பூச வேண்டும். மேலே வேறு பூச்சும் வேண்டும். பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். மீன் தொட்டியில் போடப்போகும் கட்டைக்கு இதுவும் கூடாது, வேறெந்தப் பூச்சும் கூடாது.

ஒதுங்கியது பழைய படகுப் பலகையாகவோ பச்சை நிறமேறிய ஜெட்டித் தூணாகவோ இருந்தால் அதைத் தொடாமல் விடுவதே என் கருத்து. பழைய பெயிண்டில் ஈயம் இருக்கும். பச்சை நிறம், செம்பும் குரோமியமும் ஆர்சனிக்கும் கலந்த மருந்தாக இருக்கலாம். 1933-இல் டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் சொண்டி காமேசம் என்ற நம் நாட்டு அறிஞர் கண்டுபிடித்து உலகமெங்கும் பரவிய மருந்து அது. தூணுக்கு நல்லது, உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும் நம் நுரையீரலுக்கு நல்லதன்று. அடுப்பில் வைத்து எரிக்கவும் கூடாது.

சாம்பலா, சிவப்பா?

மழை நின்று ஜனவரி வந்ததும் கட்டையை நிழலில் காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். வெயிலில் வைத்தால் வெளிப்புறம் முந்திக்கொண்டு காய்ந்து வெடிக்கும். வெட்டுமுனைகளில் உருக்கிய மெழுகைத் தடவினால் அங்கே பிளவு குறையும். காய்ந்ததா என்பதற்குத் தராசுதான் சாட்சி. வாரம் ஒருமுறை எடை போட்டு வாருங்கள். இரண்டு வாரம் தொடர்ந்து எடை குறையாமல் நின்றால் இந்த ஊர்க் காற்றுக்கு அது காய்ந்துவிட்டது என்று பொருள். பருத்த அடிவேர் ஒரு கோடையில் காயாது. பலகைக்கு ஓர் அங்குலக் கனத்துக்கு ஓராண்டு என்பது பழைய கணக்கு. கைத்தடி அளவுக் கட்டைகள் பிப்ரவரி முடிவுக்குள் தயாராகிவிடும்.

அழுக்கெடுக்க நைலான் பிரஷ் போதும். கம்பி பிரஷ் வேண்டாம். அதன் இரும்புத் துகள் மரத்தின் துவர்ப்போடு சேர்ந்து கறுப்புக் கறையாகிவிடும்.

கடைக்குப் போவதற்கு முன் முடிவு செய்யவேண்டியது இனிமேல்தான். கடல் மரத்தின் வெள்ளி போன்ற சாம்பல் நிறம் உங்களுக்குப் பிடித்திருக்கிறதா, அல்லது உள்ளே இருக்கும் நிறம் வேண்டுமா? இரண்டும் ஒருசேரக் கிடைக்காது. வெயில் மரத்தின் மேல்தோலில் உள்ள லிக்னின் என்ற பசையைச் சிதைக்கிறது. மழையும் அலையும் அதைக் கழுவிவிடுகின்றன. மிஞ்சிய வெறும் நார்தான் அந்தச் சாம்பல் நிறம். அது காகிதம்போன்ற மெல்லிய தோல். எண்ணெய் பட்டால் உடனே கறுத்துப் பழுப்பாகிவிடும். பலர் அழகான வெள்ளிக் கட்டையை எடுத்து எண்ணெய் பூசிவிட்டு, "நிறம் போய்விட்டதே" என்று வருந்துவதைப் பார்த்திருக்கிறேன். ஈரத்துணியால் ஓர் ஓரத்தைத் துடைத்துப் பாருங்கள். ஈரத்தில் தெரியும் நிறம்தான், எண்ணெயோ வார்னிஷோ பூசினால் நிலைக்கப்போகும் நிறம். துடைத்ததும் முகம் மலர்ந்தால் எண்ணெய் பூசுங்கள். முகம் சுருங்கினால் பூசாதீர்கள்.

சாம்பல் நிறமே வேண்டும், பொருள் கூரைக்குள்தான் இருக்கும் என்றால், ஒன்றுமே பூசாமல் விடுவதுதான் முதல் தரம். தூசி படியும் என்று தோன்றினால் பளபளப்பில்லாத, நீரில் கரையும் வகைப் பாலியூரிதேனை மெல்லியதாக ஒரு கோட் கொடுக்கலாம். அது மஞ்சளாகாது, எண்ணெய் அளவுக்குக் கறுக்கவும் செய்யாது. முதலில் அடிப்பக்கத்தில் பூசிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எண்ணெய் வகை

உள்நிறம் வேண்டும் என்பவர்கள் சாம்பல் தோலை 120-ஆம் எண் உப்புத்தாளிலும், பிறகு 220-லும் தேய்த்து எடுத்துவிட வேண்டும். இங்கே ஒரு பெரிய சபலம் வரும். தேங்காய் எண்ணெய் வீட்டில் இருக்கிறதே! வேண்டாம். எண்ணெய்களில் காற்றுப் பட்டு இறுகுவன உண்டு. என்றும் இறுகாதன உண்டு. அயோடின் எண் என்று வேதியியலில் ஓர் அளவு உண்டு. அது உயர உயர எண்ணெய் நன்றாக இறுகும். ஆளிவிதை எண்ணெய்க்கு அது 170-க்கு மேல், நல்லெண்ணெய்க்கு 110 அளவில், தேங்காய் எண்ணெய்க்கு வெறும் 10 அளவில். தேங்காய் எண்ணெய் பூசிய கட்டை ஆண்டுக்கணக்கில் பிசுபிசுத்து, தூசியை வாங்கி, சிக்கு வாடை அடிக்கும். நல்லெண்ணெயும் நடுவில் நின்று தொல்லை தரும். அதைத் தலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஆளிவிதை எண்ணெயிலும் பச்சையாகக் கிடைப்பது நம் தீவுக்கு ஆகாது. இறுகுவதற்கு வாரக்கணக்காகும், அதற்குள் பூஞ்சைக்கு விருந்தாகிக் கறுப்புப் புள்ளி விழும். ஹார்டுவேர் கடையில் 'டபுள் பாயில்டு லின்சீட்' என்று கேளுங்கள். முதல் முறை அதில் சரிபாதி டர்பன்டைன் கலந்து துணியால் தாராளமாகத் தேய்க்கவும். கால்மணி நேரம் கழித்து, உறிஞ்சாமல் நிற்பதையெல்லாம் வேறு துணியால் ஒட்டத் துடைத்துவிட வேண்டும். துடைக்காமல் விட்ட எண்ணெய்தான் பிசுக்காகிறது. ஒருநாள் விட்டு ஒருநாளாக மூன்று முறை போதும்.

அந்தத் துணியைப் பற்றிச் சொல்லாமல் மேலே போகக்கூடாது. ஆளிவிதை எண்ணெய் இறுகும்போது வெப்பம் வெளிவிடும். எண்ணெய்த் துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் அந்த வெப்பம் உள்ளேயே தங்கித் தீக்குச்சி இல்லாமலே பற்றிக்கொள்ளும். மரவீடும் தகரக் கூரையுமாக வாழும் நாம் இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது. துணியை வெளியே கொடியில் ஒற்றையாக விரித்து, விறைக்கும்வரை காயவிடுங்கள். அல்லது தண்ணீர் ஊற்றிய தகர டப்பாவில் போட்டு மூடுங்கள்.

எண்ணெய் இறுகிய பிறகு மேலே மெழுகு. தேன்மெழுகு ஒரு பங்கை வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்த டப்பாவில் உருக்கி, அடுப்பை அணைத்த பிறகு மூன்று பங்கு டர்பன்டைனைச் சேர்த்தால் ஆறியதும் வெண்ணெய்போல் வரும். துணியில் தொட்டுத் தேய்த்து, சிறிது நேரம் கழித்துப் பளபளப்பு வரும்வரை துடைக்கலாம். மெழுகு தனியாக நீரைத் தடுக்காது. காப்பித் தம்ளர் வைத்தால் வட்டம் விழும். காட்சிப் பொருளுக்கு அதனாலென்ன?

நம் முன்னோர் படகுக்கு என்ன பூசினார்கள் என்று கேட்பவர்கள் உண்டு. குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சிப் பலகை இடுக்குகளை அடைத்தார்கள். கேரளக் கரையில் முந்திரிக்கொட்டை எண்ணெயும் பூசினார்கள். வங்கத்திலும் பர்மாவிலும் குர்ஜன் மரத்தில் வடித்த எண்ணெய்ப் பிசினைப் பூசினார்கள். நம் காடுகளில் நிற்பதும் அந்தக் குர்ஜன் இனம்தான். எல்லாம் நல்ல பூச்சுகளே, படகுக்கு. முந்திரிக்கொட்டை எண்ணெயில் கை கொப்பளிக்கும், நிறமும் கரியாகிவிடும். வரவேற்பறைக்கு அழைத்து வர வேண்டாம்.

அரக்கும் வார்னிஷும்

ஆசாரிமார் பாலிஷ் என்று கூறுவது பெரும்பாலும் அவலரக்கை ஸ்பிரிட்டில் கரைத்தது. அரக்குப் பூச்சி தரும் இயற்கைப் பிசின். சுமார் அரைமணியில் காயும். கையில் வரும் மெருகுக்கு ஈடே இல்லை. ஆனால் நம் ஊரில் இதற்கு இரண்டு தடைகள். ஈரக்காற்றில் பூசினால் ஸ்பிரிட் ஆவியாகும் குளிர்ச்சியில் காற்றின் நீர் படிந்து பூச்சு வெளுத்துப்போகும்; ஆகவே பிப்ரவரி, மார்ச்சில் நல்ல வெயில் ஏறிய நேரத்தில் மட்டுமே பூச வேண்டும். இரண்டாவது, படாக்கின் சிவப்பு ஸ்பிரிட்டில் கரையும். வெளிர்மரமும் படாக்கும் சேர்த்துச் செய்த பொருளில் ஒரே துணியால் பாலிஷ் தேய்த்தால் வெளிர்மரம் குங்குமம் பூசிக்கொள்ளும். படாக்கின் சிவப்பு எந்தப் பூச்சிலும் நிரந்தரமன்று என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். வெளிச்சம் பட்டுப் பட்டுப் பழுப்பாகும்.

டீப்பாய், தட்டு வைக்கும் பலகை என்று தண்ணீரும் தம்ளரும் படும் பொருளுக்கு எண்ணெயும் மெழுகும் போதாது. அங்கே பாலியூரிதேன் வேண்டும், கடையில் பி.யு. என்பார்கள். சாம்பல் தோலின்மேல் அதைப் பூசினால் பூச்சு மரத்தைப் பிடிக்காது; செத்த நாரைத்தான் பிடிக்கும்; நார் உதிரும்போது பூச்சும் உதிரும். என் முதல் டீப்பாய் அப்பளமானதில் இதற்கும் பங்குண்டு. எனவே நன்றாகத் தேய்த்து, முதல் கோட்டைத் தின்னர் கலந்து நீர்க்கப் பூசி, மரம் குடிக்க விடவேண்டும். மெலமைனும் நன்றாக இறுகும். ஆனால் அது உள்ளறைக்கு மட்டுமே, பூசும்போது கண்ணெரிச்சலும் உண்டு.

திறந்த வராந்தா, தோட்டம் என்றால் மரைன் வார்னிஷ் என்ற வகை. வெயிலின் புறஊதாக் கதிரைத் தாங்கும் பொருள் அதில் கலந்திருக்கும். மரம் விரிந்து சுருங்கும்போது கூடவே வளைந்து கொடுக்கும். அப்படியும் நம் வெயிலுக்கும் மழைக்கும் ஆண்டுக்கொரு முறை லேசாகத் தேய்த்து மறுகோட் கொடுக்க வேண்டியிருக்கும். அதற்குப் பொறுமை இல்லாதவர்கள் வெளியே வைக்கும் கட்டைக்கு எதுவும் பூசாதிருப்பதே மேல். உரிந்து தொங்கும் வார்னிஷைவிடச் சாம்பல் மரம் எவ்வளவோ அழகு.

மெயின்லேண்டுக்குப் போகும் கட்டை

இது நம்மைப்போல் வந்து போகும் குடும்பங்களுக்கே உரிய சிக்கல். மரம் தான் இருக்கும் ஊர்க் காற்றுக்கு ஏற்ப ஈரத்தை ஏற்றும், இறக்கும். 80 விழுக்காடு ஈரப்பதமுள்ள காற்றில் அது தன் எடையில் சுமார் 16 விழுக்காடு நீரை வைத்துக்கொள்ளும். 50 விழுக்காட்டுக் காற்றில் 9 விழுக்காடுதான். நம் ஊரில் காய்ந்த கட்டை மதுரைக்கோ கோவைக்கோ, அல்லது ஏ.சி. ஓடும் அறைக்கோ போனால் இன்னும் சுருங்கத்தான் செய்யும். எந்தப் பூச்சும் இதை நிறுத்தாது. வேகத்தைக் குறைக்கும், அவ்வளவுதான். மெதுவாகச் சுருங்கினால் மரம் சமாளித்துக்கொள்ளும். சட்டென்று சுருங்கினால் வெடிக்கும்.

அதனால் வெளியூர் போகும் பொருளுக்கு, கண்ணுக்குத் தெரியாத அடிப்பக்கம், வெட்டுமுனை, துளைக்குள் என்று எல்லா இடத்திலும் ஒரே அளவு பூச வேண்டும். மேலே மூன்று கோட், அடியில் ஒன்றுமில்லை என்றால் அடி வழியாக ஈரம் ஓடிக் கட்டை முறுக்கிக்கொள்ளும். போய்ச் சேர்ந்ததும் முதல் இரண்டு மாதம் மின்விசிறிக்கு நேர்கீழே வைக்காமல், ஒரு பழைய போர்வையில் சுற்றி மூலையில் வைக்கச் சொல்லுங்கள். கண்ணாடி மேற்பலகை பொருத்துவதானால் கட்டையோடு இறுக்கி ஒட்டாமல் ரப்பர் குமிழின்மேல் சும்மா உட்காரவையுங்கள். அடியில் மரம் சுருங்கினாலும் கண்ணாடிக்கு ஒன்றும் ஆகாது.

மதுரை நண்பரின் மகனுக்குச் சென்ற ஆண்டு திருமணம் நடந்தது. "அப்பாவுக்குக் கொடுத்ததுபோல் எனக்கும் ஒன்று வேண்டும், மாமா, வெடிப்பு இல்லாமல்" என்று போனில் கேட்டான். வனத்துறையில் கேட்டு, கடல் மஹுவா வேர் ஒன்று கிடைத்தது. மே மாதம் முதல் மழைக்கு இறவாணத்தின் கீழ் வைத்தேன். இப்போதும் அங்கேதான் நனைந்துகொண்டிருக்கிறது. வந்து போகிறவர்களெல்லாம் "நல்ல கட்டையை இப்படி மழையில் போட்டு வைத்திருக்கிறீர்களே" என்கிறார்கள். சென்ற வாரம் கரண்டியில் வற்றவைத்துப் பார்த்தேன். இன்னும் மெல்லிய வெள்ளைப் படிவு தெரிகிறது. ஜனவரியில் தராசில் ஏற்ற வேண்டும்.